கறந்த சூடு ஆறுமுன்: நாஞ்சில் நாட்டில் வீடு தேடி வந்த பால்

கறந்த பாலைக் காய்ச்சாமல் வைத்தால் நாஞ்சில் நாட்டு வெக்கையில் அது நான்கைந்து மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் புளிக்கத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியும் குளிரூட்டும் நிலையமும் இல்லாத காலத்தில் பால் தொடர்பான எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறந்தன. பால் எவ்வளவு தூரம் போகலாம், வாசலுக்கு எப்போது வரவேண்டும், நாளைக்கு எத்தனை முறை வரவேண்டும், யார் சுமக்கலாம், பணத்தை எப்போது வாங்கலாம் என்பனவெல்லாம் பாலின் குறுகிய ஆயுளை அனுசரித்தே அமைந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களின் பிள்ளைப்பருவ நினைவுகளில் பால்காரரும், செம்பும், சுவரில் இழுத்த கரிக்கோடும் தவறாமல் வருகின்றன. அந்த நினைவுகளுக்குப் பின்னால் வயல், மாடு, தெரு, அடுக்களை எல்லாவற்றையும் இணைத்த ஓர் ஏற்பாடு இருந்தது.

வயலும் மாடும்

அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய இரு பழைய தாலுகாக்களைக் கொண்ட நெல்வயல் பகுதியே நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைவதற்கு முன் அது திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது. பழையாறும், தேரூர், புத்தேரி, சுசீந்திரம் போன்ற ஊர்களின் குளங்களும், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் கால்வாய்களும் சேர்ந்து கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு போகங்களுக்கு நீர் கொடுத்தன. இரண்டு போகம் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை வைக்கோல். அறுவடை முடிந்ததும் வீட்டுக் கொல்லையிலும் களத்து ஓரத்திலும் படப்புகள் எழுந்தன. அந்தக் காலத்து நெல் ரகங்கள் உயரமாக வளர்ந்தவை. ஆகவே வைக்கோலும் நிறையக் கிடைத்தது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் என்பதால் வரப்புப் புல்லுக்கும் குறைவில்லை.

உழவுக்கும் வண்டிக்கும் காளை வேண்டும். சேற்று வயலுக்கு எருமைக் கடா வேண்டும். காளை வேண்டிய வீட்டில் பசுவும் இருந்தது. உழவு மாட்டுக்காக நிலைத்த தொழுவத்தில் கிடைத்த பக்க வருமானமே பால். நாட்டுப் பசு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் கறப்பது அரிது. கன்றுக்கு விட்டு, வீட்டுக்கு எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதே விற்பனைக்கு வந்தது. எருமைப்பால் கெட்டியானது. பசும்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு கொழுப்பு என்றால் எருமைப்பாலில் ஆறு முதல் எட்டுப் பங்கு வரை இருக்கும். தயிருக்கும் நெய்க்கும் எருமை, குழந்தைக்கும் நோயாளிக்கும் பசு என்று வீடுகள் பிரித்து வாங்கியதற்கு இதுவே காரணம்.

தீவனத்தில் ஊர் முழுவதும் பங்குகொண்டது. அரிசி களைந்த கழுநீரும் வடித்த கஞ்சியும் கறவை மாடு இல்லாத வீடுகளிலிருந்து மாடு உள்ள வீட்டுக்குப் போயின. தென்னை மிகுந்த பகுதி என்பதால் தேங்காய்ப் பிண்ணாக்கு எளிதாகக் கிடைத்தது. அதோடு தவிடும் பருத்திக்கொட்டையும் சேர்ந்தன. கழுநீர் கொடுத்த வீட்டுக்கு, மாடு கன்று ஈன்றதும் சீம்பால் வந்தது. விலை பேசாத இந்தக் கொடுக்கல் வாங்கல், விலை பேசிய பால் விற்பனைக்கு அடித்தளமாக நின்றது. சொந்தமாக மாடு வாங்க வசதியில்லாதவர் மற்றவரின் கிடாரியை வாரத்துக்கு வாங்கி வளர்ப்பார். பிறக்கும் கன்றிலோ விற்கும் விலையிலோ அவருக்குப் பங்கு கிடைக்கும். நிலமில்லாத குடும்பம் பால் தொழிலுக்குள் நுழைந்த வழிகளில் இது முக்கியமானது.

கறவை

பால் கறப்பது கைத்தொழில். கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கன்றின் முட்டலும் உறிஞ்சலும் தாய்ப்பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பைத் தூண்டுகின்றன. அது இரத்தத்தில் கலந்து மடியை எட்டியதும் பால் இறங்குகிறது. அந்தத் தூண்டல் சில நிமிடங்களே நீடிப்பதால் வேகமாகவும் ஒரே சீராகவும் கறக்கவேண்டும். கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் சுரக்கவைக்கும் வழக்கமும் இருந்தது. அந்த வைக்கோல் கன்றைப் பார்த்த பிள்ளைகள் பலரால் முதுமையிலும் அதை மறக்க முடிவதில்லை.

தாங்களே கறக்கத் தெரியாத வீடுகளுக்குக் கறவைக்காரர் வந்தார். விடியுமுன் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று வீடு வீடாகச் சென்று கறந்து கொடுத்து மாதக் கூலி வாங்கினார். ஒரு கறவைக்கும் அடுத்ததற்கும் இடையே மடி நிரம்ப அவகாசம் வேண்டும். காலைப் பால் மாலை வரை தாங்காது. மடியின் கணக்கும் பாலின் ஆயுளும் சேர்ந்து நாளுக்கு இரண்டு நடை என்ற ஒழுங்கை உண்டாக்கின.

தெருவுக்கு வந்தவர்கள்

பால் விற்றவர்கள் மூவகையினர். முதலாவது, ஒன்றிரண்டு மாடு வைத்துப் பக்கத்துத் தெருக்களுக்குப் பால் ஊற்றிய குடும்பங்கள். இவற்றில் கறவையும் விற்பனையும் பெரும்பாலும் பெண்கள் பொறுப்பு; பால் காசு அவர்கள் கையிலேயே தங்கியது. இரண்டாவது, மாடு வளர்ப்பையே தொழிலாகக் கொண்டு பல மாடுகள் வைத்திருந்தவர்கள். மூன்றாவது, கிராமங்களில் பல வீடுகளின் பாலைச் சேர்த்து நாகர்கோவில், கோட்டாறு, வடசேரி வீடுகளுக்கும் காப்பிக்கடைகளுக்கும் கொண்டுவந்த வியாபாரிகள். நடந்து வருபவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் கடப்பார். ஆகவே தொடக்கத்தில் நகரத்தைச் சுற்றிய நெருக்கமான ஊர்களின் பாலே நகரத்துக்கு எட்டியது. சைக்கிள் பரவியதும் அதே நேரத்தில் மூன்று மடங்கு தூரம் கடக்க முடிந்தது. சைக்கிளின் இருபுறமும் கேன் கட்டிய பால்காரர் தோன்றியது அப்போதுதான்.

மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வீடுகள் தோப்புகளுக்குள் தள்ளித் தள்ளி அமைந்தவை. ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டிய பசுவையோ ஆட்டையோ வைத்துக்கொள்ளும் அமைப்பு அங்கே இயல்பாக இருந்தது. நாஞ்சில் நாட்டிலோ வீடுகள் தெருவாகச் சேர்ந்திருந்தன. ஒரே நடையில் இருபது வீட்டுக்கு ஊற்ற முடிந்ததால் வீடு தேடி வரும் பால் இங்கே வேரூன்றியது.

எல்லாத் தெருவும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவே தடை இருந்தது. சுசீந்திரத்தில் 1926-இல் தொடங்கிய சத்தியாக்கிரகம் அந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயில்களைத் திறந்தது. சமைத்த உணவையும் தண்ணீரையும் கட்டுப்படுத்திய சாதி விதிகள் பாலிடம் சற்றுத் தளர்வாக இருந்தன. ஆனாலும் ஊற்றும் பாத்திரம் வாங்கும் பாத்திரத்தைத் தொடாதபடி உயர்த்தி ஊற்றுவது, முன்வாசலுக்கு வராமல் பின்கட்டில் நிற்பது போன்ற விலக்குகள் தொடர்ந்தன. பால் விற்பனையை நினைவுகூரும்போது இந்த ஒடுக்குமுறையை மறைப்பது நேர்மையாகாது. எந்தத் தெருவில் யார் பால் விற்கலாம் என்பதைச் சாதியும் தீர்மானித்தது.

அளவும் கணக்கும்

நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்பவையே பழைய அளவுகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. குழந்தை உள்ள சிறிய வீட்டுக்கு உழக்குப் பால் போதும். நாழியின் கொள்ளளவு இடத்துக்கு இடம் மாறுபட்டதால், எந்த அளவில் ஊற்றுவது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொண்டார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்னும் சட்டம் 1956-இல் வந்தது. 1960-களில் லிட்டர் அளவு நிலைபெற்றது. ஆயினும் உழக்கும் நாழியும் பேச்சில் நெடுங்காலம் நீடித்தன. அளவில் நுரையும் ஒரு சிக்கல். உயரத்திலிருந்து ஊற்றினால் நுரை எழும்பி அளவை நிரப்பிக்காட்டும். நுரை அடங்கியபின் மீண்டும் சிறிது ஊற்றி நிரப்புவது நல்ல பால்காரரின் அடையாளமாகக் கருதப்பட்டது.

பணமும் அதே காலத்தில் மாறியது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தபின் அணா வழங்கியது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்தது. ஒரே மூதாட்டி தம் வாழ்நாளில் சக்கரம், அணா, பைசா என மூன்று கணக்கிலும் பால் வாங்கியிருக்க முடியும். ஆனால் எந்தக் காலத்திலும் அன்றாடம் காசு கைமாறவில்லை. மாதம் முடிந்ததும் கணக்குத் தீர்த்தார்கள். எழுதத் தெரியாத இடத்தில் சுவரே கணக்கேடு: காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு, கூடுதலாக வாங்கிய நாளுக்கு ஒரு புள்ளி. பின்னர் சுவர் நாட்காட்டியின் கட்டங்கள் அந்த வேலையை ஏற்றன. கணக்குத் தீர்க்கும்போது இரு தரப்புக் கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பால் வராத நாளைச் சொல்லிக் கழிப்பார்கள்.

கடன் இருபுறமும் ஓடியது. வயலில் விளைச்சல் வரும் வரை பால் காசைத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு. மறுபுறம், புதுக் கறவை மாடு வாங்கப் பால்காரருக்கு முன்பணம் கொடுத்து, அதை மாதாமாதம் பாலில் கழித்த வீடுகளும் உண்டு. வங்கிக்கடன் எட்டாத குடும்பங்களுக்கு வாடிக்கை வீடுகளே முதல் தந்தன. இந்த நெருக்கத்தால் பால் ஊற்றுபவரை அண்ணாச்சி, அக்கா, பாட்டா என்று உறவு சொல்லியே பிள்ளைகள் அழைத்தார்கள்.

தண்ணீரும் நம்பிக்கையும்

பாலில் தண்ணீர் கலப்பது பற்றிய சந்தேகம் இந்த உறவின் மறுபக்கம். அதைத் தவிர்க்கச் சில வீடுகள் மாட்டையே வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கண்முன்னே கறக்கச் செய்தன. சில வீடுகளில் பிள்ளையைத் தொழுவத்துக்கு அனுப்பினார்கள். கறக்கும் பாத்திரத்தைத் தொடக்கத்தில் கவிழ்த்துக் காட்டுவது வழக்கம். நகத்தின்மேல் ஒரு துளி விட்டு அது நிற்கிறதா, வழிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் இவையெல்லாம் கண்மதிப்பே.

லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை அளக்கிறது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பாலின் அடர்த்தி ஏறத்தாழ 1.03. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறைந்து கருவி ஆழமாக மூழ்கும். ஆனால் பாலின் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அதனால் ஆடையை எடுத்துவிட்டால் மீந்த பாலின் அடர்த்தி கூடும். அந்தக் கூடுதலுக்கு ஈடாகத் தண்ணீர் ஊற்றினால் கருவி ஏமாந்துவிடும். கொழுப்பையும் தனியே அளந்தால்தான் உண்மை தெரியும். உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. எனினும் ஒரு தெருவுக்குள் சட்டத்தைவிட வலுவாக வேலை செய்தது ஊர்ப்பேச்சு. ஒரு வீட்டில் பால் திரிந்தாலோ நீர்த்திருந்தாலோ மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். வாடிக்கை போனால் திரும்ப வருவது கடினம்.

அடுக்களையில்

வாங்கிய பாலை உடனே காய்ச்சுவதே முதல் வேலை. கொதிநிலைக்கு வந்த பாலில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அழிகின்றன. பாலின் ஆயுள் அரைநாள் நீள்கிறது. அதற்கு மேல் காக்க வேண்டுமானால் ஒரே வழி உருமாற்றம். மாலையில் உறை ஊற்றினால் காலையில் தயிர். தயிரைக் கடைந்தால் மோரும் வெண்ணெயும். வெண்ணெயை உருக்கினால் மாதக்கணக்கில் கெடாத நெய். ஒவ்வொரு படியிலும் ஆயுள் நீள்கிறது, கெடும் பொருள் எதுவும் வீணாவதில்லை. உறியும் மத்தும் இந்த வரிசையின் கருவிகள்.

நாஞ்சில் நாட்டுச் சமையல் பசும்பாலை அளவாகவே பயன்படுத்தியது. சொதிக்கும் பிரதமனுக்கும் தேங்காய்ப்பால் இருந்தது. காலையில் பழையதும் கஞ்சியும் இருந்தன. சுக்கு, மல்லியோடு கருப்பட்டி போட்ட காப்பிக்குப் பால் தேவைப்படவில்லை. தயிரும் மோரும் புளிசேரிக்கும் சம்பாரத்துக்கும் வேண்டியிருந்தன. இருபதாம் நூற்றாண்டில் பாலூற்றிய காப்பியும் சாயாவும் வீடுகளில் பரவியபின்தான் எல்லோருக்கும், இரு வேளையும் பால் என்ற தேவை எழுந்தது. ஊர் மாடுகளால் அந்தத் தேவையை ஈடுகட்ட முடியாமல் போனதற்கு இது முதல் காரணம்.

விசேஷ நாட்களில் தேவை திடீரென்று ஏறியது. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றக் கூட்டம் திரளும். புது வீட்டில் முதல் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுவதே குடிபுகும் சடங்கு. கல்யாண வீட்டுப் பாயசத்துக்கும் மோருக்கும் நாட்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். எரியூட்டிய மறுநாள் பால் தெளிக்கவும் பால் வேண்டும். பிறப்பிலிருந்து இறப்பு வரை எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பால் ஊற்றுபவர் முன்கூட்டியே அறிந்திருந்தார்.

பிள்ளைகளின் பங்கு

பிள்ளைப்பருவ நினைவுகளில் பால் இவ்வளவு இடம்பிடித்ததற்குக் காரணம், அந்த ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கு உண்மையான வேலை இருந்ததுதான். படிப்புரையில் செம்போடு காத்திருப்பது, அளவைக் கவனிப்பது, சுவரில் கோடு போடுவது, கழுநீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பால் பொங்காமல் அடுப்பருகே காவல் நிற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எண்ணும் அளவும் பலருக்குப் பள்ளிக்கு முன்பே பால் கணக்கில் பழகின. கூலியாகப் பால்சட்டியின் அடியில் பிடித்த காந்தலும், கடையும்போது ஒரு உருண்டை வெண்ணெயும் கிடைத்தன. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பற்றி எழுதிய குழந்தைப் பாடல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்தது. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு அது தன் வீட்டுக் கொல்லையிலேயே அன்றாடம் கண்ட காட்சி.

மாற்றம்

1960-களின் பிற்பகுதியில் வந்த குட்டை நெல் ரகங்கள் நெல்லைக் கூட்டின, வைக்கோலைக் குறைத்தன. டிராக்டர் வந்தபின் உழவு மாடு தேவையற்றதாயிற்று. நெல்வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறின. பாலுக்குத் தாங்கலாக இருந்த தொழுவம் இப்படி மெல்லக் காலியானது. எஞ்சியவர்கள் ஜெர்சிக் கலப்பின மாடுகளுக்கு மாறினார்கள். அவை நாட்டுப் பசுவைப்போலப் பல மடங்கு கறந்தன. ஆனால் கழுநீரும் வைக்கோலும் அவற்றுக்குப் போதவில்லை. காசு கொடுத்து வாங்கும் தீவனம் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டோடு இருந்த பரிமாற்றம் அதனால் பொருளற்றதாயிற்று.

மறுபுறம் கூட்டுறவு வளர்ந்தது. குஜராத்தின் ஆனந்தில் 1946-இல் தொடங்கிய பால் கூட்டுறவு, 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முன்மாதிரியாயிற்று. தமிழ்நாட்டில் 1958-இல் பால்வளத் துறையும், 1972-இல் பால்வள வளர்ச்சிக் கழகமும், 1981-இல் கூட்டுறவு இணையமும் உருவாயின. அந்த இணையத்தின் பால் ஆவின் என்ற பெயரில் வீடுகளை எட்டியது. சங்கத்தில் ஊற்றும் பால் கொழுப்பும் பிற சத்தும் அளந்து விலையிடப்படுகிறது. பின்னர் அது குளிரூட்டப்பட்டு, 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கப்பட்டு, மீண்டும் குளிர்விக்கப்படுகிறது. 4 டிகிரியில் வைத்த பால் நாட்கணக்கில் தாங்குகிறது. பாலித்தீன் உறையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்ததும் நாளுக்கு இரு நடை தேவையில்லை. கறப்பவர் யார் என்று தெரியவேண்டியதும் இல்லை.

இந்த மாற்றம் உலகெங்கும் நடந்தது. அமெரிக்காவில் 1963-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பால் வீட்டு வாசலில் தரப்பட்டது. 1975-க்குள் அது நூற்றுக்கு ஏழு பங்காகச் சுருங்கியது. அங்கே குளிர்சாதனப் பெட்டியும் மோட்டார் காரும் பெரிய கடைகளும் பால்காரரின் இடத்தைப் பிடித்தன. நாஞ்சில் நாட்டில் அதோடு வயலின் மாற்றமும் சேர்ந்துகொண்டது என்பதே வேறுபாடு.

இதில் கிடைத்தவை பெரியவை. பால் தூரத்தை வென்றது. தரத்துக்கு அளவுகோல் வந்தது. தெருவும் சாதியும் பார்க்காமல் எவரும் ஒரே பாலை ஒரே விலையில் வாங்க முடிகிறது. பால் ஊற்றும் பெண்ணுக்குச் சங்கத்தின் வழியே உறுதியான வருமானம் கிடைக்கிறது. இழந்தவையும் உண்டு. கழுநீருக்கும் சீம்பாலுக்கும் இடையே இருந்த பரிமாற்றம், முன்பணம் தந்து மாடு வாங்கவைத்த வாடிக்கை, வீட்டுக் கழிவை உணவாக மாற்றிய சுழற்சி ஆகியவை அறுந்தன. நாகர்கோவில் தெருக்களில் இருசக்கர வாகனத்தில் கேன் கட்டிக் கறந்த பால் ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பழைய ஏற்பாட்டின் ஒரு பகுதி உயிரோடிருக்கிறது.

அரசு ஆவணங்களில் நெல்லுக்கும் வரிக்கும் கணக்கு உண்டு. வீட்டுப் பாலுக்கு அப்படியொரு ஏடு இல்லை. சுவர்க்கோடுகள் வெள்ளையடிப்பில் மறைந்துவிட்டன. உழக்கும் நாழியும் பித்தளை விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த வரலாற்றுக்கு இன்று கிடைக்கும் முதன்மைச் சான்று, பாலை வாங்கியவர்களும் ஊற்றியவர்களும் சொல்லும் நினைவுகளே. பால் வாங்கிய வீடுகளின் நினைவுகளோடு, கறந்தவர்கள், புல் அறுத்தவர்கள், பின்கட்டில் நிறுத்தப்பட்டவர்கள் ஆகியோரின் நினைவுகளையும் பள்ளிகளும் நூலகங்களும் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். இரு தரப்பும் சேர்ந்தால்தான் நாஞ்சில் நாட்டுப் பாலின் வரலாறு முழுமையாகும்.